கதவு நிலையில் கரையான்: மருந்தடித்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது, வீட்டை எப்படிக் காப்பது?

தரைத்தளத்தில் ஒரு கதவு நிலையை ஒட்டி மண் கோடு ஏறியிருந்ததைச் சுரண்டித் துடைத்துவிட்டு, கடையில் வாங்கிய பூச்சி மருந்தைத் தெளித்ததாகவும், சில மாதங்கள் கழித்து வேறோர் அறையின் சுவர் அலமாரியில் கரையான் தென்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிலையை மாற்றிவிடுவதா, தரையில் துளையிட்டு மருந்து செலுத்துவதா, வீட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டவிருக்கும் அறைக்கு முன்கூட்டியே என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலையை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். அதன் பிறகு சுவரும் தரையும் சேரும் இடங்களில் முறையாகத் துளையிட்டு, மரத்துக்கு அல்ல, அடியிலுள்ள மண்ணுக்கு மருந்து கொடுங்கள். புதிய அறைக்குத் தரை போடுவதற்கு முன்பே மண்ணில் மருந்து ஊற்றிவிடுங்கள். இந்த வரிசை மாறினால் செலவழித்த பணம் பெரும்பாலும் வீண்தான். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

நிலைக்குள் நீங்கள் பார்த்தவை ஒரு பெரிய கூட்டத்தின் மிகச் சிறிய பகுதி. நிலத்தடிக் கரையானின் குடியிருப்பு மண்ணுக்குள் இருக்கிறது. ராணி, அரசன், முட்டை, குஞ்சு, வேலைக்காரர், காவலர் என எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் முதல் சில இலட்சம் வரையிலும், சில இனங்களில் அதற்கு மேலும் இருக்கும். வீட்டுக்குள் வந்துபோவது இரை தேடும் வேலைக்காரக் கரையான்களும் அவற்றுக்குத் துணையாக வரும் காவலர்களும் மட்டுமே. தெளித்த மருந்து பட்டவை செத்தன. படாதவை அந்தப் பாதையைக் கைவிட்டன. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தெளிப்பு மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. கரையான் அவற்றை உணர்ந்து விலகிப் போய்விடும். தெளித்த இடம் சுத்தமாகத் தெரியும், கூட்டமோ குறையாமல் இருக்கும், வேறு வழி தேடப்படும். ஆகவே அலமாரியில் தோன்றியது புதிதாக வந்த கரையான் என்பதைவிட, பழைய கூட்டம் பாதையை மாற்றிக்கொண்டது என்று கொள்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எந்த வேலையில் இறங்குவதற்கும் முன்னால், வந்திருப்பது எது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. மரத்தை அரிப்பவை எல்லாம் ஒன்றல்ல. ஒன்றுக்கு உரிய மருத்துவம் மற்றொன்றுக்குப் பயன்படாது. மண் கோடு இருந்தால், மரத்தின் உட்புறத்தில் ஈர மண் அப்பியிருந்தால், அது நிலத்தடிக் கரையான். மண்ணே இல்லாமல், மரச்சாமானுக்கு அடியில் மணல்போல் சிறு குவியல் விழுந்திருந்து, அதைக் கையில் எடுத்து உருட்டினால் ஒவ்வொன்றும் ஆறு பட்டைகள் கொண்ட நுண்ணிய மணியாகத் தெரிந்தால், அது உலர்மரக் கரையானின் எச்சம். அந்த இனம் மண்ணுக்குப் போவதே இல்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். மாவுபோல மென்மையான தூள் உதிர்ந்து, மரத்தில் குண்டூசி குத்தியதுபோல வட்டத் துளைகள் இருந்தால் அது கரையானே அல்ல, உளுவண்டு. சிறகு முளைத்த கரையானான ஈசலையும் சிறகு முளைத்த எறும்பையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது, உணர்கொம்பு மணி கோத்ததுபோல நேராக இருக்கும். எறும்பின் முன் சிறகு பெரிது, பின் சிறகு சிறிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும். உங்கள் வீட்டில் மண் கோடு இருப்பதால் நிலத்தடிக் கரையான் என்றே வைத்துப் பேசுகிறேன். உலர்மர வகைக்குப் பிறகு வருகிறேன்.

நிலத்தடிக் கரையானின் தோல் மெல்லியது. திறந்த காற்றில் விரைவாக ஈரம் இழந்து செத்துவிடும். வெளியில் நடமாட முடியாத அந்தப் பலவீனத்தால்தான் மண்ணையும் எச்சிலையும் கழிவையும் குழைத்து, பென்சில் பருமனுக்கு மூடிய பாதையைக் கட்டிக்கொண்டு வருகிறது. அதன் உணவு செல்லுலோஸ். மரம், காகிதம், அட்டை, பருத்தித் துணி, சுவரில் ஒட்டிய காகிதம், ஜிப்சம் பலகையின் மேல்தாள் எல்லாம் அதற்கு ஒன்றே. சிமென்டையும் செங்கல்லையும் அது தின்பதில்லை. ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல் இருந்தால் போதும், அதன் வழியாக வந்துவிடும். கான்கிரீட் வீட்டுக்குக் கரையான் வராது என்று நம்புகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். தரைக் கான்கிரீட் உலரும்போது சுருங்கிச் சுவரை விட்டு மயிரிழை அளவு விலகுகிறது. குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடத்தில் இடைவெளி இருக்கிறது. மின்கம்பிக்காகப் பதித்த குழாய் தரையிலிருந்து சுவருக்குள் நேராக ஏறுகிறது. இந்த மூன்றும் இல்லாத வீடு அரிது.

எனவே வீட்டைச் சோதிக்கும்போது மரத்தை மட்டும் பார்க்காமல், மண்ணிலிருந்து மரம்வரை என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தேடுங்கள். பகல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவரின்மேல் சாய்வாக விழும்படி பாருங்கள். பெயின்டுக்கு அடியில் ஓடும் மண் பாதை இலேசான புடைப்பாகத் தெரியும். கையில் ஒரு திருப்புளி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிடியால் நிலையின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே மேலே போனால், ஓசை எங்கே கனத்த ஒலியிலிருந்து பொள்ளல் ஒலியாக மாறுகிறது என்பது காதுக்குப் பிடிபடும். அந்த இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினால், பெயின்ட் தோல் மட்டும் உடைந்து முனை உள்ளே இறங்கும். திறந்து பார்த்தால் மரத்தின் ரேகையில் மென்மையான பகுதி தின்னப்பட்டு, கடினமான பகுதி மட்டும் தகடு தகடாக நின்றிருக்கும். இடையில் ஈர மண்ணும் வெளிர்ந்த புள்ளிகளும் அப்பியிருக்கும். வெளியே பளபளப்பாக இருந்த நிலை உள்ளே காகித அடுக்காக இருப்பதைப் பார்த்தால் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் அரித்தது எவ்வளவு என்பதைவிட, இப்போதும் அரித்துக்கொண்டிருக்கிறதா என்பதே அந்த நேரத்தில் தெரிய வேண்டியது.

அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மண் பாதை முழுவதையும் சுரண்டாமல், நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் பெயர்த்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் தேதியைக் குறித்து வையுங்கள். பாதை பயன்பாட்டில் இருந்தால் முதலில் தலை பெருத்த காவலர்கள் உடைந்த வாயில் வந்து நிற்கும். அவற்றின் பின்னால் வேலைக்காரர்கள் ஈர மண்ணைக் கொண்டுவந்து விளிம்பில் ஒட்டத் தொடங்கும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அந்த இடைவெளி நிறம் சற்று அடர்ந்த புது மண்ணால் மூடப்பட்டிருக்கும். ஒரு வாரமாகியும் மூடப்படவில்லை என்றால் அந்தப் பாதை கைவிடப்பட்டிருக்கலாம். ஆனால் அதனால் வீட்டில் கரையானே இல்லை என்று ஆகிவிடாது. மண் பாதையைக் கண்டதும் ஈரத் துணியால் துடைத்துவிடுவது பலருடைய பழக்கம். அது கரையானை ஒழிக்காது, எங்கிருந்து வருகிறது என்று காட்டும் ஒரே தடயத்தை மட்டும் அழித்துவிடும். சிகிச்சை முடியும்வரை அதை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

அடுத்தது ஈரம். நான் எதையும்விட அதிகமாக வற்புறுத்துவது இதைத்தான், ஏனென்றால் மருந்து விற்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் அலமாரி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய்க் கசிவு, டைல்ஸ் இடுக்குகள் வழியாக இறங்கும் நீர், ஏசியின் நீர் சுவர் அடியிலேயே சொட்டுவது, மழைநீர்க் குழாய் அஸ்திவாரத்தை ஒட்டியே கொட்டுவது, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் ஆகியவை எல்லாம் கரையானுக்கு மண்ணில் இருக்கும் ஈரத்தை வீட்டுக்குள்ளேயே தருகின்றன. சில இனங்கள், மேல்மாடியில் தொடர்ந்து கசியும் ஒரு குழாய் கிடைத்தால், மண்ணோடு தொடர்பே இல்லாமல் அங்கேயே கூடு வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் தரைத்தள மண்ணுக்கு எத்தனை லிட்டர் மருந்து ஊற்றினாலும் மாடியில் அரிப்பு நிற்காது. கசிவை அடைத்துச் சுவர் உலர்ந்தால்தான் நிற்கும். உங்கள் அலமாரி எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. அது குளியலறைச் சுவராகவோ வெளிச்சுவராகவோ இருந்தால், முதல் செலவு பிளம்பருக்கு ஆகட்டும்.

வீட்டைச் சுற்றிலும் பார்க்க வேண்டியவை உண்டு. சுவரில் சாய்த்து வைத்த விறகு, பழைய பலகை, அட்டைப் பெட்டிக் குவியல் ஆகியவற்றை அகற்றுங்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் இருந்தால் தோண்டி எடுத்துவிடுங்கள். சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி கட்டி மண்ணை உயர்த்துவது அழகாக இருக்கலாம். ஆனால் தரைமட்டத்துக்கு மேலே குறைந்தது 15 சென்டிமீட்டர் சுவர் வெறுமையாகத் தெரிந்தால்தான், ஏறும் மண் கோடு கண்ணில் படும். பாத்தி அந்தப் பகுதியை மறைப்பதோடு, செடிக்கு ஊற்றும் நீரையும் அஸ்திவாரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. நிலையின் அடிப்பகுதி தரைக்குள் புதைந்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய வீடுகளில் நிலையின் கால்களைத் தரைக்குள் இறக்கிப் பதித்திருப்பார்கள். மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கரையான் நுழைவது அந்தப் புதைந்த, பூச்சில்லாத முனை வழியாகத்தான்.

இவற்றைச் சரிசெய்த பிறகு மண்ணுக்கு மருந்து. கட்டி முடித்த வீட்டில் இதன் முறை இதுதான். உட்புறத்தில் சுவரும் தரையும் சேரும் கோட்டை ஒட்டி 12 மில்லிமீட்டர் விட்டத்தில், சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, தரைக் கான்கிரீட்டைத் தாண்டி மண்ணைத் தொடும்வரை துளையிட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் அழுத்தத்தோடு மருந்துக் கரைசலைச் செலுத்தி, மண் மேலும் வாங்காது என்னும் நிலை வரும்வரை கொடுக்க வேண்டும். பொதுவாக ஒரு துளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குப் போகும். துளையை ஊசிபோலக் குத்தி, ஒரு கரண்டி மருந்தை விட்டு அடைத்துவிடுகிற வேலையைப் பலர் செய்கிறார்கள். அதில் பயன் இல்லை. ஏனென்றால் ஒரு துளையிலிருந்து பரவும் ஈரம் அடுத்த துளையிலிருந்து பரவுவதோடு சேர்ந்தால்தான் இடைவெளியில்லாத தடுப்பு உருவாகும், ஒரு சாண் இடம் விடுபட்டாலும் கரையான் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். டைல்ஸ் தரையில் இரண்டு டைல்ஸ் சேரும் இணைப்பில் துளையிட்டால் பிறகு அடைப்பது எளிது. வெளிப்புறத்தில் சுவரை ஒட்டி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு பள்ளம் எடுத்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 5 லிட்டர் என்ற கணக்கில் ஊற்றி, எடுத்த மண்ணையும் மருந்தில் நனைத்தே திரும்ப நிரப்ப வேண்டும்.

துளையிடுவதற்கு முன்பு, தரைக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிக் குழாய்களும் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்வது கட்டாயம். குடிநீர்க் குழாயில் துளை விழுந்து அதில் மருந்து போவதைவிட மோசமான விபத்து இந்த வேலையில் இல்லை. நிலத்தடி நீர்த்தொட்டி, கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றின் அருகில் திரவ மருந்தைச் செலுத்தவே வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு, பின்னால் விளக்கப்போகும் நச்சு இரை முறையை வைத்துக்கொள்ளலாம். மழை பெய்து மண் நீரில் ஊறியிருக்கும்போது கொடுத்த மருந்து மண்ணில் தங்காமல் வழிந்துவிடும் என்பதால், சற்று உலர்ந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த மருந்து என்பதில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். முன்பு ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை பயன்பட்டன. பல ஆண்டுகள் மண்ணில் அழியாமல் நின்றதுதான் அவற்றின் சிறப்பாகக் கருதப்பட்டது. அதே குணத்தால்தான் உணவிலும் உடல் கொழுப்பிலும் சேர்ந்து, இத்தகைய அழியா நஞ்சுகளை விலக்க 2001இல் பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே நான்கும் இடம்பெற்றன. அடுத்து வந்த குளோர்பைரிபாஸையும், வளரும் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற காரணத்தால், பல நாடுகள் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டன. அதன் கடும் வாடை வீட்டில் நாட்கணக்கில் நிற்கும்; வாடை அடித்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இன்று பெரிதும் பயன்படும் பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் ஆகிய இரண்டும் கரையானால் உணர முடியாதவை. அது மருந்திட்ட மண்ணைத் தெரியாமல் குடைந்துகொண்டு போகும், உடனே சாகாது, திரும்பிச் சென்று மற்றவற்றோடு உரசியும், உணவூட்டியும், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம்செய்தும் நஞ்சைப் பரப்பிவிடும். பைபென்த்ரின் விரட்டும் வகை. முழுமையாக, இடைவெளியின்றிக் கொடுக்க முடிகிற புதுக் கட்டடத்துக்கு அது சரி, எங்கே இடைவெளி இருக்கிறது என்றே தெரியாத பழைய வீட்டுக்கு உணர முடியாத வகையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கரைசலின் செறிவு கலனின் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிப்ரோனிலும் இமிடாகுளோப்ரிடும் தேனீக்கும், பிப்ரோனிலும் பைபென்த்ரினும் மீனுக்கும் கொடிய நஞ்சு. கைக்கெட்டிய செடிகளுக்கெல்லாம் தெளிப்பதும், மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது.

நச்சு இரை என்பது வேறொரு வழி. வீட்டைச் சுற்றி சுமார் 3 மீட்டருக்கு ஒன்றாக மண்ணில் சிறு பெட்டிகளைப் பதித்து, அவற்றில் செல்லுலோஸோடு ஹெக்ஸாஃப்ளுமுரான் போன்ற, கரையானைத் தோலுரிக்க விடாமல் தடுக்கும் பொருளைக் கலந்து வைப்பார்கள். இம்முறை 1995 முதல் விற்பனையில் இருக்கிறது. வேலைக்காரர்கள் எடுத்துச் சென்று ஊட்டுவதால் கூட்டம் முழுவதுமே மெல்ல நலிகிறது. மண்ணில் சில கிராம் பொருள்தான் சேர்கிறது என்பது பெரிய நன்மை. ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும், பெட்டிகளை ஒழுங்காகச் சென்று பார்க்க வேண்டும், புற்றுக்குள் காளான் வளர்த்து உண்ணும் இனங்கள் இரையைச் சில நேரம் தொடுவதே இல்லை. இரை வைத்த இடத்துக்கு அருகில் விரட்டும் மருந்தைத் தெளித்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோட்டத்தில் புற்று இருந்தால் அதை இடித்து ராணியைக் கொன்றுவிட்டால் போதும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வீட்டை அரிக்கும் கூட்டம் அந்தப் புற்றைச் சேர்ந்ததுதானா என்பதற்கு உறுதி இல்லை. பல இனங்கள் மண்ணுக்கு மேலே புற்றே எழுப்புவதில்லை. ராணி இறந்தாலும் அதன் இடத்துக்கு வேறொன்று வரும் இனங்களும் இருக்கின்றன. மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், உப்பு, சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் ஆகியவற்றைப் பற்றி இரண்டே வரியில் சொல்லிவிடலாம்: பட்ட இடத்தில் பட்டவை சாகும் அல்லது விலகும், மண்ணில் இருக்கும் கூட்டத்துக்கு எதுவும் ஆகாது. மண்ணெண்ணெய் ஊறிய நிலைக்குப் பக்கத்தில் மின் சுவிட்ச் இருப்பதை நினைத்தால் அந்த யோசனையே வேண்டாம் என்று தோன்றும்.

இனி நிலையை மாற்றுவதா என்னும் கேள்வி. கூட்டம் ஒழியும் முன்பு புது நிலை வைத்தால் அதுவும் அடுத்த ஆண்டு உணவாகும். அதனால்தான் பொறுக்கச் சொன்னேன். மண் சிகிச்சை முடிந்து, பாதைகள் மூன்று மாதமாவது உயிரற்றுக் கிடந்த பிறகு, ஆசாரியை அழைத்துத் தட்டிப் பாருங்கள். கீழே ஓர் அடி மட்டும் போயிருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மருந்தேற்றிய மரத்தை ஒட்டுப்போடலாம், அல்லது அடியில் கருங்கல் துண்டு வைத்து மரம் தரையைத் தொடாமல் நிற்கும்படி செய்யலாம். கதவின் கீல் பிடித்திருக்கும் பகுதியே பொள்ளலாக இருந்தால் முழுதாக மாற்றுவதுதான் பாதுகாப்பு. மிச்சமிருக்கும் நல்ல மரத்தில் சாய்வாகச் சிறு துளைகள் இட்டு போரேட் (போரான் உப்பு) கரைசலைச் செலுத்தலாம். அது மரத்தின் ஈரத்தோடு உள்ளே பரவி நிலைக்கும், மனிதருக்குத் தீங்கும் குறைவு. மழையில் நனையும் மரத்தில் மட்டும் அது கரைந்து போய்விடும் என்பதால் மேலே பூச்சு வேண்டும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் கரையானைத் தாங்குகிறது. வெளிர் நிறத்தில் இருக்கும் வெளிறுப் பகுதியைக் கரையான் மற்ற மரங்களைப் போலவே தின்னும். இளம் மரத்தில் வெளிறு அதிகம். நிலையின் நான்கு முகங்களையும் பார்த்து, வெளிர்க் கோடு ஓடுகிறதா என்று பெயின்ட் அடிப்பதற்கு முன்பே சோதித்து வாங்க வேண்டும். பிளைவுட்டில் ‘கொதிநீர் தாங்கும்’ என்று அச்சிட்டிருப்பது பசையின் தரத்தைச் சொல்கிறது. கரையானைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கரையான் தடுப்பு ஏற்றியது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். சுவர் அலமாரியின் பின்பலகையைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டால், ஓதமும் தொற்றாது, பின்னால் ஏறும் பாதையையும் டார்ச் அடித்துப் பார்க்க முடியும்.

புதிய அறைக்கு வருவோம். இதில் நீங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகச் செய்ய வாய்ப்பு இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு வானம் (அடிப்பள்ளம்) தோண்டியதும் வேர், மரத்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு சென்ட்ரிங் பலகை, ஆப்பு, முளைக்குச்சி ஆகியவற்றை உள்ளேயே விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவது கட்டட வேலையில் சாதாரணமாக நடக்கிறது. தரைக்கு அடியில் அதுதான் கரையானின் முதல் உணவு. அங்கே பெருகிய கூட்டம் பிறகு மேலே வரும். நீங்களே நின்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வானத்தின் அடியிலும் பக்கங்களிலும், சுவரை ஒட்டி நிரப்பும் மண்ணிலும், தரைக்கு நிரப்பிக் கெட்டித்த மண்ணின் மேற்பரப்பிலும் மருந்து கொடுக்க வேண்டும். மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்பது பொதுவான அளவு. மருந்து மண்ணில் இறங்கியதும் பாலித்தீன் விரித்து, தாமதிக்காமல் தரைக் கான்கிரீட்டைப் போட்டுவிட வேண்டும். மருந்திட்ட மண்ணை அதன் பிறகு யாராவது குழாய்க்காகத் தோண்டினால், தோண்டிய இடத்துக்கு மறுபடியும் மருந்து கொடுத்தாக வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்றால் இயற்பியல் தடுப்புகளும் உள்ளன. அரை மில்லிமீட்டர் அளவே கண்ணிகள் கொண்ட துருப்பிடிக்காத எஃகு வலையைக் குழாய்களைச் சுற்றியும் சுவர் அடியிலும் பதிக்கலாம். அல்லது சுமார் 1.7 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை சலித்தெடுத்த கருங்கல் நொறுக்கலை அடுக்காகப் போடலாம். அந்தக் கற்கள் கரையானின் தாடையால் தூக்க முடியாத அளவுக்குப் பெரியவை, அவற்றின் இடுக்குகளோ அதன் தலை நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. இவை வீடு உள்ளவரை நிற்கும். மருந்துத் தடுப்பு மண்ணையும் ஈரத்தையும் பொறுத்துச் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். எனினும் இவற்றைப் பதிக்கப் பழகிய ஆட்கள் வேண்டும், ஒரு மூலையில் கிழிந்தாலும் பயனில்லை.

உங்கள் விஷயத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது பழைய சுவரும் புது அறையும் சேரும் கோடு. புது அஸ்திவாரத்துக்காகத் தோண்டும்போது பழைய வீட்டின் வெளிப்புற மண் கலைந்துவிடும். இரண்டு கட்டடங்களும் வெவ்வேறு வேகத்தில் அமர்வதால் இடையில் விரிசல் விழும். மேலே டைல்ஸும் பூச்சும் போட்டு மூடியதும் அந்த விரிசல் யார் கண்ணிலும் படாத, கரையானுக்கு ஏற்ற ஈரமான பாதையாகிவிடும். கூடுதலாகக் கட்டிய அறைகளில் கரையான் முதலில் தென்படுவது பெரும்பாலும் இந்த இணைப்பில்தான். ஆகவே பழைய வீட்டுக்கான சிகிச்சையைப் புது வேலைக்கு முன்போ அதோடு சேர்த்தோ செய்யுங்கள், பின்னால் தள்ளிப் போடாதீர்கள். அந்தக் கோட்டின் மண்ணுக்கு இருபுறமும் மருந்து கொடுத்து, இடைவெளியை நெகிழும் அடைப்பான் கொண்டு அடைத்த பிறகே மேல்பூச்சு பூசச் சொல்லுங்கள்.

உலர்மரக் கரையான் என்று தெரிந்தால் மேலே சொன்ன மண் சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை. ஒரு நாற்காலி, ஒரு கட்டில் என்ற அளவில் இருந்தால் அந்தச் சாமானையே வெளியேற்றலாம், அல்லது மரத்தின் நடுப்பகுதிவரை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வெப்பமேற்றலாம். வீடு முழுதும் பரவியிருந்தால் சல்ஃப்யூரில் ஃப்ளோரைடு வாயுவால் புகைமூட்டம் போடும் முறை உண்டு. அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது, உயிர்க்கொல்லி, உரிமம் பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. வாயு கலைந்த மறுநாளே புதுக் கரையான் வந்தால் தடுக்க அதில் எதுவும் மிஞ்சியிருக்காது. பழைய மரச்சாமான் வாங்கும்போது அடியில் மணிகள் கிடக்கின்றனவா என்று கவிழ்த்துப் பார்ப்பது இந்த வகைக்கு மிகச் சிறந்த காப்பு.

சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குக் கரையான் அங்கங்கே தென்படலாம். உணர முடியாத மருந்து மெல்லத்தான் கொல்லும் என்பதால் அதைக் கண்டு பதறித் தெளிப்பு மருந்தை எடுக்காதீர்கள். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் பழைய பாதைகளை உடைத்த இடத்தைப் பாருங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, முதல் மழைக்குப் பின் ஈசல் பறக்கும் நாட்களையொட்டி முழு வீட்டையும் சோதியுங்கள். வெளியிலிருந்து விளக்கொளிக்கு வந்த ஈசல் பற்றிக் கவலையில்லை; மூடிய அறைக்குள், ஜன்னல் விளிம்பில் சிறகுகள் குவிந்து கிடந்தால் கூட்டம் வீட்டுக்குள் இருக்கிறது. வேலை செய்பவரிடம் உத்தரவாதம் வாங்கும்போது, மறுபடி வந்தால் மருந்து மட்டும் இலவசமா, சேதமான மரத்துக்கும் பொறுப்பேற்கிறாரா என்பதைக் கேட்டுத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், கலந்த விகிதம், செலுத்திய மொத்த லிட்டர், துளைகள் இட்ட இடங்களின் வரைபடம் ஆகியவற்றையும் எழுத்தில் வாங்கி வீட்டின் வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள். பிற்பாடு டைல்ஸ் மாற்றும்போதோ குழாய் பதிக்கும்போதோ எந்தப் பகுதியின் தடுப்பு கலைந்தது, எங்கே மீண்டும் மருந்து வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.